வரிசையைத் திறப்பே சொன்னது

பழைய பூட்டுகளைக் கழற்றித் திரும்பப் பொருத்துவது நாலைந்து வருடமாக என் பொழுதுபோக்கு. இதுவரை கை வைத்தவற்றில் மனதை விட்டுப் போகாதது சுன்னாகம் வீட்டு முன்கதவுப் பூட்டு.

1995 ஒக்டோபர் 30 இரவு, போரால் யாழ்ப்பாணத்து வலிகாமமே இடம்பெயர்ந்தபோது அம்மம்மா அந்தக் கதவைப் பூட்டி, திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு கொடிகாமம் போனார். அடுத்த சித்திரையில் திரும்பி வந்தால் கதவு பிளந்து கிடந்தது, பூட்டு மட்டும் அதிலேயே இருந்தது. அதையும் திறப்பையும் ஒரு பால்மாப் பேணியில் போட்டு வைத்திருந்தார். போன மாதம் கேட்டபோது, "கழற்று, ஆனால் ஒன்றையும் துலைச்சுப்போடாதை" என்று தந்தார்.

இந்தப் பூட்டுக்குள் ஐந்து துளை. ஒவ்வொன்றிலும் ஒரு கீழ்ப் பின், அதன்மேல் ஒரு மேல் பின், அதை அழுத்தும் ஒரு ஸ்பிரிங். திறப்பு கீழ்ப் பின்களை உருளையின் மேற்பரப்போடு மட்டமாக நிறுத்தினால்தான் உருளை சுழலும். கழற்ற, பின்பக்கத் திருகாணி இரண்டையும் எடுத்து, திறப்பைப் போட்டுச் சற்றுத் திருப்பி, பித்தளை உருளையைப் பின்னாலிருந்து தள்ள வேண்டும். தள்ளும் தடி உருளையின் அதே பருமனில், இடைவெளி விடாமல் பின்தொடர வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பிரிங் மேல் பின்களைத் துள்ளவைத்துவிடும். நான் சீவிய பூவரசந்தடி கொஞ்சம் மெலிவு. இரண்டு துள்ளின. அந்தப் பதற்றத்தில் உருளையைச் சரித்துவிட்டேன், கீழ்ப் பின் ஐந்தும் பாயில் கொட்டின.

மேல் பின்கள் ஒரே நீளம், மாறினாலும் பரவாயில்லை. கீழ்ப் பின்கள் அப்படியில்லை. ஐந்தும் ஐந்து நீளம், 120 விதமாக அடுக்கலாம், சரியானது ஒன்றுதான். யேல் என்ற அமெரிக்கர் 1861இல் காப்புரிமை பெற்ற அமைப்பின் சூட்சுமமே அதுதான்.

அப்புறம்தான் திறப்பைப் பார்த்தேன். வெட்டு ஆழமான இடத்தில் நீளமான பின், மேடான இடத்தில் கட்டையான பின். திறப்பை உருளைக்குள் விட்டு, சாவணத்தால் ஒவ்வொன்றாக இறக்கி விரலால் தடவினேன். துருத்தினாலும் பிழை, அமிழ்ந்தாலும் பிழை. ஒன்றரை மணித்தியாலத்தில் ஐந்தும் உருளையின் மேற்பரப்போடு மட்டமாக நின்றன. துருவேறிய இரண்டு ஸ்பிரிங்குக்கு இன்னொரு பழைய பூட்டிலிருந்து எடுத்துப் போட்டேன். எண்ணெய் விடவில்லை, அது தூசியைப் பிடித்து இறுகும். பென்சில் கரியைத் தூவினேன்.

பொருத்தி முடித்துத் திருப்பினால் அசையவில்லை. மறுபடி கழற்றத் திருப்புளியைத் தேடும்போது அம்மம்மா வாங்கிப் பார்த்தார்.

"தேய்ஞ்ச திறப்பெல்லோ. முட்டத் தள்ளாமல், கொஞ்சம் வெளியால இழுத்துப்போட்டுத் திருப்பு."

அவரே திருப்பினார். திறந்தது.