கனடாவில இருந்து வந்த 915 மெகாஹேர்ட்ஸ் லோரா மொடியூலை வயல் மோட்டருக்குப் பாவிக்கலாமா?

குளக்கட்டு (முத்தையன்கட்டு):
வயல் கிணத்து மோட்டரை வீட்டில இருந்தே போட்டு நிப்பாட்ட வேணும். இடைத்தூரம் 1.8 கிலோமீற்றர், நடுவில பனையும் வடலியும். கனடாச் சொந்தம் கொண்டுவந்து தந்த லோரா (குறைஞ்ச வலுவில சின்னத் தகவலைக் கனதூரம் அனுப்புற ரேடியோ முறை) மொடியூல் ரெண்டு கிடக்கு: 915 மெகாஹேர்ட்ஸ், 20 டிபிஎம் (அனுப்புற வலு, 100 மில்லிவாற்று). பெட்டியில எஃப்சிசி (அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம்) இலக்கம் இருக்கு. "தீங்கான இடையூறு செய்யக்கூடாது, வாற இடையூறை ஏற்கவேணும்" எண்டும் அடிச்சிருக்கு. அப்ப இஞ்ச இலங்கையிலயும் பிரச்சினை இல்லைத்தானே?

இன்னொண்டு. கிணத்தடியில வைச்சுச் சோதிச்சா "போடு" எண்ட கட்டளை ஒழுங்காப் போகுது. சோலர் இன்வெட்டர் ஓடத் தொடங்கினாப் பிறகு "நிப்பாட்டு" போய்ச் சேருதில்லை. ஏன்?

அலைக்கம்பம்:
முதல்ல அதை நிப்பாட்டி வையுங்கோ. எஃப்சிசி இலக்கம் அமெரிக்காவுக்குள்ள செல்லுபடியாகிற அங்கீகாரம். கனடாவே அதை அப்பிடியே எடுக்கிறேல்லை, தனக்கெண்டு ஒரு சான்று இலக்கம் கேக்கும். இஞ்ச 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்படி தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின்ர அனுமதி வேணும். வகை அங்கீகாரம் இல்லாத ரேடியோச் சாமானைச் சுங்கத்தில மறிக்கலாம். பயணப்பெட்டிக்குள்ள வந்துட்டுது எண்டதால அது சட்டப்படி வந்ததாகாது.

இது வெறும் கடதாசிப் பிரச்சினையும் இல்லை. 902 தொடங்கி 928 வரையான பட்டை உரிமமில்லாக் கருவிகளுக்கு விடப்பட்டது உலக அலைவரிசைப் பங்கீட்டில அமெரிக்கக் கண்டங்கள் அடங்கின இரண்டாம் பிராந்தியத்தில. அங்க பழைய கைபேசி வலையமைப்பு 850இல இருந்ததால இந்த இடத்தில அதோட மோதல் இல்லை. நாங்கள் மூண்டாம் பிராந்தியம். 900 பட்டையில எங்கட கைபேசிகள் கோபுரத்துக்கு அனுப்புறது 915க்குக் கீழ. லோராவின்ர அமெரிக்க அமைப்பில கருவி அனுப்புற 64 சனலும் 902.3 தொடங்கி 914.9 வரை, அதாவது கோபுரம் காது குடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிற அதே இடம். தூரத்துக் கைபேசியின்ர மெல்லிய சத்தத்தை உங்கட 100 மில்லிவாற்று அமுக்கிப் போடும். வன்னியில கோபுரம் ஐதாகத்தான் நிக்குது, ஒண்டு குழம்பினா ஊரே குழம்பும்.

பெட்டியில கிடக்கிற அந்த ரெண்டு வசனத்தையும் ஆக்கள் தலைகீழா விளங்கிக்கொள்ளுறது வழமை. அது உரிமை தாறதில்லை. "உனக்குப் பாதுகாப்பில்லை, முறைப்பாடு வந்தா நீதான் நிப்பாட்டவேணும்" எண்டதுதான் அதின்ர கருத்து.

குளக்கட்டு:
சொவ்ட்வெயரில 433க்கு மாத்தினா?

அலைக்கம்பம்:
வேண்டாம். 433.05–434.79 ஐரோப்பா, ஆபிரிக்கா இருக்கிற முதலாம் பிராந்தியத்துக்கான ஒதுக்கீடு. இஞ்ச அது அமெச்சூர் ரேடியோக்காரற்ற 430–440க்குள்ள விழுது. மற்றது, அந்தப் பலகையின்ர வடியும் (வேண்டாத அலைவரிசையைத் தடுக்கிற பகுதி) அன்டெனாவும் 915க்கு வெட்டினது. கால் அலை நீளம் 915க்கு 8.2 சென்ரிமீற்றர், 433க்கு 17.3. மாத்தி ஓட்டினா வலு பாதியும் வெளிய போகாது.

வடலி:
2.4 கிகாஹேர்ட்ஸைப் பாருங்கோ. 2400–2500 மூண்டு பிராந்தியத்துக்கும் பொதுவானது. லோராவிலயே எஸ்எக்ஸ்1280 எண்ட சிப் இருக்கு, உச்சவலு 12.5 டிபிஎம். கணக்கு: 1.8 கிலோமீற்றருக்கு வெளி இழப்பு (வெட்டவெளியில போகேக்க குறையிற வலு) 105 டெசிபெல். ரெண்டு பக்கமும் 2 டிபிஐ (அன்டெனா ஒரு பக்கமாக் குவிச்சுத் தாற பலத்தின்ர அளவு) அன்டெனா எண்டா வந்து சேருறது கிட்டத்தட்ட மைனஸ் 89 டிபிஎம். மிக மெதுவான அமைப்பில அந்த சிப் மைனஸ் 132 வரை பிடிக்கும். 43 டெசிபெல் கைவசம், மழையில நனைஞ்ச ஓலை கொஞ்சம் திண்டாலும் தாங்கும்.

பனை பெரிய தடையில்லை, வட்டு மேல நிக்கும், கீழ வெறும் மரந்தான். மறைக்கிறது வடலி. நடுவழியில கதிர்ப்பாதையைச் சுத்தி 4.5 மீற்றர் வெளி வேணும், அதால ரெண்டு பக்கமும் 6 மீற்றர் குழாய் நட்டு, இடையில நிக்கிற வடலியின்ர ஓலையைக் கழியுங்கோ.

ஆனா "தூரம் காணாது" எண்டு 24 டிபிஐ கிரிட் அன்டெனா பூட்டாதேங்கோ. 12.5உம் 2உம் சேர்ந்தா 28 மில்லிவாற்று. 24ஐச் சேர்த்தா நாலரை வாற்று! விதி பாக்கிறது அன்டெனாவோட சேர்ந்த வலுவை. மொடியூலின்ர அங்கீகாரமும் சோதிச்ச அன்டெனா வகையோடதான் நிக்கும். வாங்க முதல் மொடல் இலக்கத்தையும் அன்டெனாவையும் எழுதி ஆணைக்குழுவிட்டக் கேட்டு, பதிலை எழுத்தில வாங்கி வையுங்கோ.

சுருள்கம்பி:
"நிப்பாட்டு" போகாததுக்கு ஆரும் பதில் சொல்லேல்லை. பட்டையை மாத்தினாலும் இது தீராது. இன்வெட்டரின்ர ஆளி வேகம் சில கிலோஹேர்ட்ஸ்தான், அந்த இரைச்சல் நேரா 900க்கு ஏறுறது குறைவு. எனக்குச் சந்தேகம் மொடியூலுக்கு 5 வோல்ற் குடுக்கிற மலிவுக் கன்வெட்டரில. இல்லாட்டிக் கொன்ராக்டர் (மோட்டருக்கு மின் குடுக்கிற காந்த ஆளி) இழுக்கிற நேரம் கன்ரோலர் (கட்டளையை வாங்கி அந்த ஆளியை இயக்கிற சின்னக் கணினி) ரீசெட் ஆகுது.

பிரிச்சறிய, அந்தக் கன்வெட்டரைக் கழட்டிப்போட்டு, மொடியூலுக்குத் தனிப் பற்றரியில இருந்து 5 வோல்ற் குடுத்து ஓட்டிப் பாருங்கோ. சுகமானா இரைச்சல் மின்வழியாலதான் வருது. கன்ரோலர் எத்தினை தரம் திரும்பத் தொடங்குது எண்டதையும் எண்ணிப் பதிய வையுங்கோ. மருந்து: மொடியூலின்ர மின் காலடியிலயே 470 மைக்ரோஃபரட்டும் 100 நானோஃபரட்டுமா ரெண்டு கொண்டென்சர், ஏசி கொன்ராக்டர் சுருளுக்குக் குறுக்க 100 ஓம் தடையும் 0.1 மைக்ரோஃபரட் கொண்டென்சரும் தொடர்ல (இந்தக் கொண்டென்சர் எக்ஸ்2 எண்ட, ஏசி மின்வழிக்குக் குறுக்க போடுற வகை). ஃபெரைற் (இரைச்சலைத் தடுக்கிற காந்தப் பொருள்) வளையத்துக்குள்ளால வயரை மூண்டு சுத்து விட்டா ஒரு சுத்தைவிட ஏறக்குறைய ஒன்பது மடங்கு தடுக்கும், சும்மா கிளிப் போட்டாக் காணாது. அன்டெனாவை இன்வெட்டர்ல இருந்து 3 மீற்றராவது தள்ளுங்கோ, மோட்டர் வயரோட ஒரே குழாய்க்குள்ள விடாதேங்கோ.

எந்த ரேடியோ பூட்டினாலும், வீட்டுப் பக்கம் 30 செக்கனுக்கு ஒருக்கா "ஓடு" எண்டு அனுப்பட்டும். தொடர்ந்து மூண்டு தரம் வராட்டி வயல் பக்கம் தானே மோட்டரை நிப்பாட்டவேணும். உங்கட இப்போதைய அமைப்பில "நிப்பாட்டு" போய்ச் சேராட்டி, கிணறு வத்தினாலும் மோட்டர் ஓடிக்கொண்டிருக்கும்.