தாழ்ப்பாள் சத்தம் கேட்டாலே நடுங்கும் நாட்டு நாய்: வழி சொல்லுங்கள்

கிருஷ்ணகிரி, மாடி வீடு. பாகலூர் சாலையில் மீட்ட நாட்டுப் பெண் நாய், ஒன்றரை வயதிருக்கும், 13 கிலோ. கருத்தடையும் ரேபிஸ் ஊசியும் முடிந்தன. தத்து போகும்வரை எங்களிடம். வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது.

36 அங்குலக் கம்பிக் கூண்டுக்குள் தானாகவே போய்ப் படுப்பாள். தாழ்ப்பாள் விழுந்ததும் மூச்சிரைப்பு, எச்சில் வடிதல், அடித்தட்டைப் பிறாண்டல். நாங்கள் படியிறங்கினால் உள்ளேயே சிறுநீர். கடைசியில் கீழ்க்கம்பியைக் கடித்து ஈறில் ரத்தம். அதோடு பூட்டுவதை நிறுத்திவிட்டோம். ஆள் இருக்கும்போது வீட்டுக்குள் சிறுநீர் போவதே இல்லை, சாப்பிட்டதும் தூங்கி எழுந்ததும் கீழே மண்தரையில்தான். ஆகவே இது பழக்கக் குறை இல்லை, பயம்தான். சிறுநீர்ப் பரிசோதனையிலும் தொற்று இல்லை.

சோறு, வேகவைத்த கோழி ஈரல் எல்லாம் கூண்டுக்குள்தான் வைக்கிறோம். மூன்று பக்கமும் போர்வை போட்டாயிற்று. கதவை 5 நொடி மூடி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். 2 நிமிடத்தைத் தாண்டவில்லை. நாற்றம் தங்காமலிருக்க என்சைம் கிளீனரால் துடைக்கிறோம், பினாயில் இல்லை.

இப்படிப் பயந்த நாயை வளர்த்தவர்கள் சொல்லுங்கள்: தாழ்ப்பாள் சத்தத்துக்கு மட்டும் தனியாகப் பழக்கிக் கூண்டையே தொடரலாமா, இல்லை கூண்டை விட்டுவிட்டு ஒரு அறைக்குத் தடுப்புக் கதவு போட்டுத் தனியாக இருக்கப் பழக்கலாமா?