லீப் வருடப் பயிற்சிக்கு டெஸ்ட் எழுதிய அனுபவம்

பைத்தான் புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு நான் ஆரம்பத்திலேயே கொடுக்கும் பயிற்சி லீப் வருடம். ஃபங்ஷனுக்குள் ஒரு வருடம் போகும், ட்ரூ அல்லது ஃபால்ஸ் திரும்பி வரும். அவ்வளவுதான். ஆனால் விடை சரியா என்று தானாகச் சோதிக்கும் பைடெஸ்ட் என்ற கருவியில் இதற்கு டெஸ்ட் எழுதுவது அந்த ஃபங்ஷனை எழுதுவதைவிட அதிகம் யோசிக்க வைக்கிறது.

சரியான விடையை மட்டும் ஓட்டிப் பார்த்தால் டெஸ்ட் எதையாவது பிடிக்குமா என்றே தெரியாது. அதனால் நான் முதலில் தப்பான விடைகளை எழுதிவிடுவேன். நாலால் வகுபடுகிறதா என்று மட்டும் பார்க்கும் விடை 2023, 2024 இரண்டையும் தாண்டிவிடும், 1900-ல்தான் மாட்டும். நூறால் வகுபட்டால் லீப் இல்லை என்ற விதியோடு நின்று, நானூறால் வகுபட்டால் லீப்தான் என்பதை விட்டுவிட்ட விடை 2000-ல் மாட்டும். ஒவ்வொரு தப்பையும் ஏதாவது ஒரு டெஸ்ட் பிடிக்கிறதா என்று பார்த்த பிறகே வகுப்புக்குக் கொண்டுபோவேன்.

அப்படி ஓட்டியதில் தெரிந்த ஒரு விஷயத்தை முக்கியமாகச் சொல்ல வேண்டும். ரிட்டர்ன் எழுத வேண்டிய இடத்தில் பிரின்ட் எழுதுவது புதியவர்களிடம் ரொம்ப சகஜம். அந்த ஃபங்ஷன் திருப்பித் தருவது நன் (None), அதாவது ‘ஒன்றுமில்லை’. டெஸ்டில் ‘அசெர்ட் நாட்’, அதாவது ‘விடை பொய்யாக இருக்க வேண்டும்’ என்று இருந்தால், பைத்தான் நன்னையும் பொய்யாகவே எடுத்துக்கொள்வதால், 2023, 1900 இரண்டும் பாஸ் ஆகிவிடும்! மாணவர் பாதி சரி என்று நம்பி, வகுத்தல் கணக்கில் தப்புத் தேடிக்கொண்டிருப்பார். அதற்குப் பதிலாக ‘இஸ் ஃபால்ஸ்’, அதாவது ‘விடை ஃபால்ஸேதான்’ என்று எழுதினால் எல்லா டெஸ்டும் ஃபெயில் ஆகும். பிரச்சினை வேறெங்கோ இருக்கிறது என்று உடனே புரியும்.

அசெர்ட் வரியில் ஒரு கமா போட்டு நம் செய்தியையும் எழுதலாம். “ட்ரூ அல்லது ஃபால்ஸ் வர வேண்டும், நன் வந்திருக்கிறது, ரிட்டர்ன் இருக்கிறதா பாருங்கள்” என்று தமிழிலேயே வைத்தேன். சிவப்பு வரிகளைக் கண்டாலே லேப்டாப்பை மூடிவிடும் ஒரு மாணவி, அதைப் படித்துவிட்டுத் தானே திருத்தினார். அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம், பயனரிடம் வருடத்தைக் கேட்கும் இன்புட் வரியை ஃபங்ஷனுக்கு வெளியே எழுதினால் பைடெஸ்ட் அந்த ஃபைலை எடுக்கும்போதே எரர் காட்டி நின்றுவிடும். இதைப் பயிற்சித் தாளிலேயே சொல்லிவிடுவது நல்லது.

1900 என்ன கணக்கு என்று யாராவது கேட்டால் எக்செலைக் காட்டுங்கள். லோட்டஸ் 1-2-3 என்ற பழைய விரிதாள் மென்பொருளோடு ஒத்துப்போவதற்காக, அந்த வருடத்துக்கு இல்லாத பிப்ரவரி 29-ஐ அது இன்னும் வைத்திருக்கிறது.

இதே பயிற்சியில் உங்களிடம் வந்த வேறு தப்பு விடைகள் இருந்தால் எழுதுங்கள், அவற்றுக்கும் டெஸ்ட் சேர்க்கிறேன்.