செடி வெட்டிய மறுநாள் கையில் சிவந்த கோடுகள்: எந்தச் செடி காரணம்?

முல்லைப்பந்தல் (கேள்வி):

தோட்டத்தில் வளர்ந்து அடர்ந்துவிட்ட அரளி வேலியையும் அதை ஒட்டி நிற்கும் எலுமிச்சையையும் ஒரே நாளில் கவாத்து செய்தேன். அன்று உடம்பில் எந்த மாற்றமும் தெரியவில்லை. மறுநாள் மாலையில் இரண்டு முன்கைகளிலும் கோடு கோடாகச் சிவந்தது. அதற்கு அடுத்த நாள் சில கோடுகளின் மேல் நீர்க்கொப்புளங்களும் எழும்பிவிட்டன. அரிப்பு குறைவு, எரிச்சல்தான் அதிகம். கையுறை போட்டிருந்தேன், ஆனால் அது மணிக்கட்டோடு நின்றுவிடும் துணிக் கையுறை. அரளிப்பால் பட்டதுதான் காரணம் என்றும் அந்த வேலியையே பிடுங்கிவிட வேண்டும் என்றும் வீட்டில் சொல்கிறார்கள். அது சரியா? கொப்புளத்து நீர் பட்டால் குழந்தைகளுக்கும் ஒட்டிக்கொள்ளுமா?

வேர்க்கால்:

இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்: ஒட்டாது. கொப்புளத்தில் இருப்பது உங்கள் உடம்பின் நீர். அதில் செடியின் நஞ்சு இல்லை. கழுவாத கத்தரி, துணி, நகக்கண் ஆகியவற்றில் சாறு மிச்சமிருந்தால்தான் அது மற்றவர் தோலுக்கும் போகும்.

எந்தச் செடி என்று தேடுவதற்கு முன், செடி பட்டதற்கும் தோல் சிவந்ததற்கும் இடையே எவ்வளவு நேரம் ஆனது என்று பாருங்கள். காஞ்சொறி, பூனைக்காலி போன்றவற்றின் சுணை தோலில் ஏறினால் அந்த நொடியே தெரிந்துவிடும். சேம்பு வகைகளின் சாற்றில் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருப்பதால் அவையும் உடனே நமைச்சல் தரும். கள்ளிப்பால் சில மணி நேரத்திலேயே தோலைப் புண்ணாக்கும். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து என்பதால், குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கண்ணைக் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். மாம்பால், முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெய், சேராங்கொட்டை ஆகியவற்றால் வருவது ஒவ்வாமை. ஏற்கெனவே ஒவ்வாமை ஏற்பட்ட உடம்பில் அது பெரும்பாலும் ஓரிரு நாள் கழித்தே தலைகாட்டும். அதில் அரிப்பே முன்னால் நிற்கும். பார்த்தீனியத்தின் தூசு காற்றிலேயே வந்து முகத்திலும் இமையிலும் கழுத்திலும் படிவதால், அதைத் தொடாதவருக்கும் தடிப்பு வரலாம்.

உங்களுக்கு நேர்ந்தது வேறு மாதிரி இருக்கிறது. ஒரு நாள் கழித்துத் தொடங்கியிருக்கிறது, கோடு கோடாக இருக்கிறது, அரிப்பைவிட எரிச்சல் மிகுதி. வெட்டியது நல்ல வெயிலிலா? எலுமிச்சங்காய்கள் நசுங்கினவா?

நிழல்மரம்:

அரளிச் சாறும் சிலருக்கு ஆகாது. அது வயிற்றுக்குள் போனால் கடும் நஞ்சு என்பதால் அதற்குக் கெட்ட பெயரும் உண்டு. அதற்காக விசாரிக்காமலே வேலியைப் பிடுங்க வேண்டாம். இத்தகைய கொப்புளத்துக்கு எலுமிச்சைச் சாற்றைத் தடவி வெயிலில் காயவிடச் சொல்பவர்களும் இருக்கிறார்கள்; தயவுசெய்து அதை மட்டும் செய்துவிடாதீர்கள்.

கையுறையைப் பற்றி ஒரு சொல். துணிக் கையுறை சாற்றை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைத்துக்கொள்ளும். அதைவிட வெறுங்கையே மேல், ஏனெனில் வெறுங்கையையாவது உடனே கழுவத் தோன்றும். சாறு புகாத நைட்ரைல் கையுறை முழங்கை வரை நீண்டிருந்தால் நல்லது. சட்டைக் கையின் நுனியைக் கையுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். கழற்றும்போது உட்புறம் வெளியே வருமாறு உருட்டிக் கழற்ற வேண்டும், இல்லையென்றால் வெளிப்புறத்துச் சாறு விரலுக்கு வந்துவிடும். வெட்டிய கிளைகளை எரிக்கவும் வேண்டாம்; அரளியின் புகையும் நஞ்சு.

முல்லைப்பந்தல்:

உச்சி வெயிலில்தான் வெட்டினேன். பழுத்து விழுந்திருந்த எலுமிச்சைகள் காலிலும் கையிலும் நசுங்கின. சாறு வழிந்ததைத் துடைத்துக்கொண்டே வேலையைத் தொடர்ந்தேன். நீங்கள் கேட்ட பிறகு கையை உற்றுப் பார்த்தேன்: இடக்கையில் கடிகாரப் பட்டை இருந்த இடம் மட்டும் சிவக்காமல் பழைய நிறத்திலேயே இருக்கிறது, அதன் இரு பக்கமும் கோடு ஓடுகிறது.

வேர்க்கால்:

அப்படியானால் எலுமிச்சையின் மேல்தான் எனக்குச் சந்தேகம். அதன் தோலிலும் சாற்றிலும் உள்ள ஃபியூரோகூமரின் என்ற பொருள், தனியாக இருக்கும்போது பெரிய தொல்லை தராது. வெயிலின் புற ஊதாக் கதிர் அதன்மேல் விழும்போதுதான் தோலைச் சுடும். சாறு வழிந்த தடத்தில் மட்டும் சுடுவதால்தான் கோடாகத் தெரிகிறது. ஒவ்வாமை இல்லை என்பதால், சாறும் வெயிலும் போதிய அளவு சேர்ந்தால் யாருக்கும் வரும். அத்திப்பாலும் சதாப்பு இலையும் இதே வேலையைச் செய்யும். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் பட்டைக்கு அடியில் தோல் தப்பியது, சாறோ வெயிலோ படாத இடம் தப்பும் என்பதோடு பொருந்துகிறது.

இப்போதைக்குக் குளிர்ந்த நீரில் நனைத்த துணியை அவ்வப்போது போட்டு எடுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள்; அந்தத் தோலே புண்ணுக்கு மூடி. ஆறும் வரை கையை வெயிலில் காட்ட வேண்டாம், முழுக்கைச் சட்டை போதும். சிவப்பு தணிந்த பிறகு அதே கோடுகள் பழுப்பு நிறத்தில் பல வாரங்கள், சிலருக்கு மாதக்கணக்கில்கூட நிற்கும். அதைப் பார்த்துப் பயந்து வெளுப்பூட்டும் களிம்பு எதையும் பூசிவிடாதீர்கள், தானாகவே மங்கும். கொப்புளம் பெரிதாகப் பரவினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, முகத்திலோ கண்ணருகிலோ வந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுத்த முறை எலுமிச்சையை வெயில் தாழ்ந்த பிறகு வெட்டுங்கள். எந்தச் செடியின் சாறு பட்டாலும், வேலை முடியட்டும் என்று காத்திராமல் உடனே சோப்பும் நிறைய நீரும் கொண்டு கழுவுங்கள். மாம்பால் போன்ற எண்ணெய்ப் பசையுள்ளவை நிமிடங்களுக்குள் தோலில் ஊறத் தொடங்கிவிடும் என்பதால் அங்கே இது இன்னும் முக்கியம். சுணை ஏறியிருந்தால் மட்டும் தேய்த்துக் கழுவக் கூடாது. ஒட்டும் டேப்பை அழுத்தி உரித்துச் சுணையை எடுத்துவிட்டுப் பிறகு கழுவ வேண்டும்.

முல்லைப்பந்தல்:

மிக்க நன்றி. வேலி இருக்கட்டும். அன்று பயன்படுத்திய கத்தரியையும் கடிகாரப் பட்டையையும் சோப்பு போட்டுக் கழுவிவிட்டேன். துணிக் கையுறையைக் குப்பையில் போட்டாயிற்று.