கன்னியா போகும் வழியில் சிவப்புடல் அழகிகள்

திருகோணமலைக்குப் போகிறவர்கள் கோணேசர் கோயில், நிலாவெளி, புறாத்தீவு என்று திட்டம் போடுவார்கள். வண்ணத்துப்பூச்சிமேல் ஆசை உள்ளவர்கள் ஒரு காலைப்பொழுதைச் சைக்கிளுக்கும் ஒதுக்குங்கள். நான் கோவையிலிருந்து போனது பிப்ரவரியில். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருந்தாலும் வேலியோரப் பச்சை காயவில்லை. உப்புவெளியில் தங்கிய விடுதியிலேயே சைக்கிள் வாடகைக்குக் கொடுத்தார்கள்.

பறவை பார்க்கப் போவதுபோல இருட்டோடு கிளம்ப வேண்டாம். வெயில் பட்டு உடம்பு சூடானால்தான் வண்ணத்துப்பூச்சி நன்றாகப் பறக்கும். எட்டு மணிக்கு மேல் கன்னியா வெந்நீர் ஊற்றுப் பக்கம் மிதித்தேன். எருக்கம் பூவில் வெந்தய வரியன், உண்ணிச்செடியில் எலுமிச்சை அழகி. ஆட்டோவில் போயிருந்தால் இவை வெறும் நிறமாகக் கடந்து போயிருக்கும்.

அப்புறம் ஒரு வேலியருகே கருஞ்சிறகில் சிவப்புப் புள்ளிகளோடு இரண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். உடலைப் பார்த்தால் புரிந்துவிடும்: ஒன்றுக்குச் செக்கச்சிவந்த உடல், அது சிவப்புடல் அழகி. மற்றதன் உடல் கறுப்பு, அது கறிவேப்பிலை அழகியின் பெண். சிவப்புடல் அழகியின் புழு ஆடுதீண்டாப்பாளை என்ற கொடியைத் தின்று அதன் நஞ்சை உடலில் சேர்த்துக்கொள்கிறது. வளர்ந்த பிறகும் அந்த நஞ்சு இருப்பதால் பறவைகள் ஒதுங்கிப் போகும். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் தின்று வளரும் மற்றதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால் அதன் பெண்களில் ஒரு வகை இந்த வேடம் போடுகிறது. வேடத்தையும் அசலையும் ஒரே பூங்கொத்தில் பார்ப்பேன் என்று நான் நினைத்ததே இல்லை. மெய்சிலிர்த்துப் போனேன்.

வீட்டுக்காரப் பெரியவர் வெளியே வந்தார். "என்ன தம்பி, செயின் கழண்டு போச்சோ?"

"இல்லை ஐயா, வண்ணத்துப்பூச்சி பார்க்கிறேன்."

"அதுவோ? அந்தக் கொடியிலதான் புழு கிடக்கும், வந்து பாருங்கோ."

வேலியில் படர்ந்திருந்தது ஆடுதீண்டாப்பாளையேதான்! இலையடியில் சிவந்த சதைமுட்களோடு கரிய புழுக்கள். மருந்துக்கென்று அவர் அதை வெட்டாமல் விட்டிருக்கிறார். ஒரு கொடியை விட்டுவைத்தால் போதும், அழகிகள் தேடி வந்துவிடும். ஊருக்குத் திரும்பியதும் நானும் ஒன்று நட வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

கன்னியாவில் ஏழு கிணறுகளைச் சுற்றி மக்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். சற்றுத் தள்ளி, தண்ணீர் வழிந்த ஈரமண்ணில் நீலநிற ஆண் வண்ணத்துப்பூச்சிகள் உப்புச்சத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தன. அவற்றை நெருங்கக் கூடாது. நம் நிழல் பட்டாலே எழுந்துவிடும்.

பத்தரைக்கு மேல் வெயில் கொளுத்துகிறது, தண்ணீர் மறக்காதீர்கள். "கச்சான் காத்து அடிக்கத் தொடங்கினா இவ்வளவு வராது" என்றார் பெரியவர், தென்மேற்குப் பருவக்காற்றைத்தான் அப்படிச் சொல்கிறார். ஜூன், ஜூலையில் அந்தப் பக்கம் போனவர்கள் யாராவது இருந்தால், என்னென்ன பார்த்தீர்கள் என்று சொல்லுங்களேன்.