மலை ஏறும்போது டைனமோ சார்ஜ் விட்டு விட்டு வருகிறது, உதவி தேவை

ஒத்தப்பெடல்:
வணக்கம். கோவையிலிருந்து வால்பாறைக்குச் சைக்கிளில் போய் வந்தேன். முன்சக்கரத்தின் நடுவில் டைனமோ ஹப் (சக்கரம் சுற்றச் சுற்ற கரண்ட் தரும்), அதிலிருந்து அந்தக் கரண்டைப் போனுக்கு ஏற்றபடி மாற்றும் யு.எஸ்.பி. கன்வர்ட்டர், அங்கிருந்து நேரே போனுக்கு வயர். ஆழியாறு வரை ஒழுங்காக ஏறியது. மலை தொடங்கியதும் ஆட்டம் காட்ட ஆரம்பித்துவிட்டது. ஏறுகிறது, நிற்கிறது, மறுபடி ஏறுகிறது. ஒவ்வொரு தடவையும் 'டிங்' சத்தம், திரை வேறு எரிகிறது. ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூவில் நின்று பார்த்தபோது 71 சதவீதம். நாற்பது வளைவும் முடிந்தபோது 38. வயரை மாற்றியும் அதே கதைதான். போனது ஹப்பா, கன்வர்ட்டரா? ஹப் விலையை நினைத்தால் வயிறு கலங்குகிறது.

செயின்கவர்:
மலையில் என்ன வேகத்தில் போனீர்கள்?

ஒத்தப்பெடல்:
ஏழு, எட்டு. தள்ளிக்கொண்டு நடந்தது தனி.

வயர்மேன்:
அப்படியென்றால் எதுவும் போகவில்லை தம்பி. ஹப் டைனமோ என்பது 6 வோல்ட், 3 வாட். அதுவும் மணிக்கு 15 கி.மீ. வாக்கில் போனால்தான். எட்டில் போனால் கன்வர்ட்டருக்கு 5 வோல்ட் கொடுக்கவே திணறும். வளைவில் கொஞ்சம் வேகம் எடுத்தால் உயிர் வரும், அடுத்த ஏற்றத்தில் செத்துவிடும். போனுக்கோ ஒவ்வொரு முறையும் புதிதாகச் சார்ஜர் செருகிய மாதிரி. உடனே திரையை எரியவிடும். வந்த கரண்டைவிட இதில் போனது அதிகமாக இருக்கும்.

சமதளத்திலும் ஒரு சிக்கல் உண்டு. போன் 1 ஆம்பியர் கேட்டால் அது 5 வாட். இருப்பது மூன்று. கேட்கிற வேகத்தில் வோல்டேஜ் விழுந்துவிடும். அதனால் நேரே போனில் செருகாதீர்கள். டைனமோ பவர் பேங்கை நிரப்பட்டும், பவர் பேங்கிலிருந்து போனுக்கு டீ குடிக்கும்போதோ ராத்திரியோ ஏற்றிக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யும் பவர் பேங்குகள் இருக்கின்றன; எல்லாம் அப்படி இல்லை, வீட்டிலேயே சோதித்துவிடுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். முன்விளக்கு எரிந்துகொண்டிருந்ததா?

ஒத்தப்பெடல்:
ஆமாம் அண்ணா, மேலே ஒரே பனிமூட்டம். போட்டுத்தான் ஓட்டினேன்.

வயர்மேன்:
சரியாப் போச்சு. அந்த 3 வாட்டைத்தான் விளக்கும் தின்கிறது. விளக்கு எரியும்போது சார்ஜை மறந்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் முன்சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றுங்கள். விளக்கு பளிச்சென்று எரிந்தால் ஹப் நன்றாக இருக்கிறது.

டீக்கடை ரைடர்:
நான் சொன்னால் கோபப்படுவார்கள், ஆனாலும் சொல்கிறேன். நம் ஊரில் இரண்டு நாள் பயணத்துக்கு டைனமோ எதற்கு? நாலு மணி நேரம் நல்ல வேகத்தில் மிதித்தால் கிடைப்பது சுமார் 10 வாட்-அவர். 5000 எம்.ஏ.எச். போனுக்கே 19 வேண்டும், ஆக அரை பேட்டரி. 10000 பவர் பேங்க் ஒன்று 37 வாட்-அவர், இழப்பு போக ஒன்றரைத் தடவை நிரப்பும். ஒரு டீயும் வடையும் வாங்கினால் கடையில் பிளக் கொடுத்துவிடுவார்கள். லாட்ஜில்தான் தொல்லை, ஒரே பிளக், அதுவும் டி.வி.க்குப் பின்னால். இரண்டு போர்ட் சார்ஜர் எடுத்துப் போங்கள். இமயமலையில் லே, ஸ்பிட்டி பக்கம் பல நாள் போவதென்றால் டைனமோ பற்றிப் பேசலாம். அங்கேயும் ராத்திரி பவர் பேங்கைத் தூங்கும் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே லித்தியம் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றினால் அது கெட்டுவிடும்.

செயின்கவர்:
ஏற்றத்தில் விமானப் பயன்முறையில் போட்டு, வரைபடத்தை முன்பே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். ஜி.பி.எஸ். அப்போதும் வேலை செய்யும். சிக்னல் தேடியே பாதி பேட்டரி போகிற இடம் அது.

ஒத்தப்பெடல்:
நன்றி. இன்னொன்று. பின்விளக்கை பவர் பேங்கில் போட்டால் அரை மணியில் பவர் பேங்கே அணைந்துவிடுகிறது. விளக்கு முழுதாக ஏறுவதே இல்லை.

வயர்மேன்:
விளக்கு இழுப்பது ரொம்பக் கொஞ்சம். வேலை முடிந்தது என்று நினைத்து பவர் பேங்க் தூங்கிவிடுகிறது. சிலவற்றில் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் குறைந்த கரண்ட் முறைக்கு மாறும். இல்லையென்றால் அடுத்த போர்ட்டில் போனையும் செருகி வையுங்கள், முழித்துக்கொண்டே இருக்கும்.

ஒத்தப்பெடல்:
இந்த ஞாயிறு மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறினேன். போனில் எதையும் செருகவில்லை, விமானப் பயன்முறை, திரை அணைத்தே வைத்திருந்தேன். 100-ல் கிளம்பி மேலே போனபோது 88. சக்கரத்தைச் சுற்றியும் பார்த்தேன், விளக்கு எரிகிறது. பவர் பேங்கில் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் பச்சை விளக்கு ஒன்று மின்னுகிறது, அதுதானா?

வயர்மேன்:
அதேதான்.