அன்னா கரேனினா: டாலியிடம் மாட்டிக்கொண்டேன்

சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வாசகர் வட்டத்தில் வரும் ஞாயிறன்று 'அன்னா கரேனினா' நாவல் பற்றி நான் பேசணும். டால்ஸ்டாய் காட்டும் திருமணங்கள்தான் தலைப்பு.

அன்னா–கரேனின், லெவின்–கிட்டி இரண்டும் எழுதி முடித்தாச்சு. கல்யாணத்துக்கு முன்பே தன் நாட்குறிப்பைக் கொடுத்துக் கிட்டியை அழவைக்கிறானே லெவின், அது ஒன்றே போதும். அன்னாவின் அண்ணன் ஸ்தீவாவின் மனைவி டாலிதான் பிடிபடவில்லை. கணவன் துரோகம் தெரிந்த பிறகும் ஐந்து பிள்ளைகளோடு அதே வீட்டில் இருக்கிறாள். 6ஆம் பாகத்தில் அன்னாவைப் பார்க்கப் போகும் வழியில், வண்டியில் உட்கார்ந்து தன் வாழ்க்கையையே கேள்வி கேட்கிறாள். போன இடத்தில் பிள்ளைகள் நினைப்பு வந்து மறுநாளே திரும்பிவிடுகிறாள். படிக்கும்போது என் பெரியம்மா முகம்தான் வந்தது.

அந்தப் பகுதியை மூன்று முறை படித்துவிட்டேன். இலக்கியம் நடத்தும் பேராசிரியர் ஒருவரிடமும் கேட்டேன். 'சகிப்பு' என்றார், எனக்கு ஒப்பவில்லை.

டாலி ஸ்தீவாவோடு இருப்பது அன்பாலா, வேறு போக்கிடம் இல்லாததாலா? எந்தக் காட்சியை வைத்துச் சொல்வீர்கள்?